பாகற்காய்: கொட்டில் ஓரத்தில் ஒரு உணவு, ஓரளவு மருந்து



இந்தப் பாடத்தைக் குழுவாக இருந்து படிப்பது நல்லது. எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுத் தங்கள் அனுபவத்தையும் சொல்லலாம். முதலில் ஒரு சிறு உரையாடலைக் கேட்போம். தாயும் மகளும் இடம்பெயர்ந்து, உறவினரின் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். இது பாடத்துக்காக எழுதப்பட்ட உரையாடல். என்றாலும் இப்படி ஒரு தாயை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள்.

“அம்மா, காலமை குளிசை போட்டனீங்களோ?”

“குளிசை முடிஞ்சு மூண்டு கிழமையாச்சுப் பிள்ளை. கிளினிக் கொப்பியும் அந்த வீட்டோடை போட்டுது.”

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“நீயும் எத்தினையைத்தான் பார்ப்பாய்? அதுதான் நான் பாவக்காய்ச் சாறு குடிக்கிறன். சீனிக்கு நல்லதாம்.”

“அப்ப உந்தக் கால் விரல் புண்?”

“அது கிடக்குது. இன்னும் ஆறேல்லை.”

இந்தத் தாய் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. பாகற்காய் நல்ல உணவு. நீரிழிவு உள்ளவருக்கு ஏற்ற மரக்கறி. ஆனால் குளிசைக்குப் பதிலாக அதை மட்டும் நம்பியது ஆபத்து. ஆறாத கால் புண் நாளடைவில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆகவே பாகற்காயை எப்படி நடுவது, எப்படி உண்பது, எவ்வளவுக்கு மருந்தாக நம்புவது என்ற மூன்றையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

நாம் அறிந்த கொடி

பாகல், வெள்ளரி, புடோல், பீர்க்கு, பூசணி ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். சிங்கள மக்கள் பாகற்காயைக் கரவில என்பர். தாவரவியலில் அதன் பெயர் மொமோர்டிக்கா சரன்ரியா. இலங்கை விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த இனங்களில் எம்.சி. 43, மாத்தளைப் பச்சை, தின்னவேலி வெள்ளை என்பன முக்கியமானவை. இவற்றில் கடைசி இனம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைக் கொண்டது. எனவே இது எமக்குப் புதிய பயிர் அல்ல. எங்கள் அம்மம்மாமாரின் வேலிகளில் படர்ந்த கொடிதான்.

அறுசுவையில் கைப்புச் சுவைக்கு நம் முன்னோர் இடம் கொடுத்தார்கள். பூச்சித் தொல்லைக்கும், பசியின்மைக்கும், தோல் நோய்களுக்கும், சலரோகத்துக்கும் பாகல் இலையையும் காயையும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்தார்கள். அதே வேளையில், சித்த மருந்து உண்ணும் காலத்தில் பாகற்காயையும் அகத்தியையும் விலக்கும்படி பரியாரிமார் சொல்வதும் வழக்கம். இவை மருந்தை முறிக்கும் என்பது அவர்களின் கருத்து. பாகற்காய்க்கு உடலில் ஒரு வேலை உண்டு, அதை அளவறியாமல் உண்ணக் கூடாது என்ற இரண்டையும் முன்னோர் கண்டிருந்தனர் என்பது இதிலிருந்து தெரிகிறது.

உணவாகப் பாகற்காய்

நிவாரண உணவில் அரிசி, மா, பருப்பு, சீனி என்பன கிடைத்தாலும் பச்சை மரக்கறி கிடைப்பது அருமை. மாதக்கணக்கில் இப்படி உண்டால் வயிறு நிரம்பும். உடலுக்கு வேண்டிய எல்லாச் சத்தும் சேராது. பல் முரசில் இரத்தம் கசிவது, புண் ஆறத் தாமதிப்பது என்பன விற்றமின் சி குறைவதாலும் ஏற்படலாம்.

100 கிராம் பச்சைப் பாகற்காயில் ஏறக்குறைய 94 பங்கு நீர். அதிலிருந்து கிடைக்கும் சக்தி 17 கலோரி அளவுதான். ஆனால் விற்றமின் சி 80 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காயை அவிக்கும்போது இந்த விற்றமினில் பாதிக்கு மேல் இழக்கப்படும். அப்படியிருந்தும் மீதமாவது பயனுள்ள அளவுதான். மலச்சிக்கலைத் தடுக்கும் நார்ப்பொருளும் இதில் உண்டு.

கொடியின் இளந்தளிரும் உணவாகும். 100 கிராம் தளிரில் ஏறக்குறைய 5 கிராம் புரதமும் 80 மில்லிகிராமுக்கு மேல் கல்சியமும் உண்டு. காயை விடத் தளிரில் இரும்புச் சத்தும் கூடுதல்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

நம்மில் பலர் பாகற்காயை அரிந்து, உப்பிட்டுப் பிசைந்து, சாறைப் பிழிந்து ஊற்றிவிடுகிறோம். கசப்புக் குறையும் என்பது உண்மை. ஆனால் கசப்போடு சத்தும் வெளியே போகிறது. உப்பும் கறியில் கூடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கூடாது. கசப்பைத் தணிக்க வேறு வழிகள் உண்டு.

பாற்கறி: காயை மெல்லிய வளையங்களாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், சிறிது வெந்தயம் சேர்த்து, கொஞ்சம் பழப்புளிக் கரைசலில் அவியுங்கள். காய் பதமானதும் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். நெத்தலிக் கருவாடு சிறிது கிடைத்தால் புரதமும் சேரும், கசப்பும் தெரியாது.

சம்பல்: மெல்லியதாக அரிந்த காயைத் தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு வதக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேருங்கள். உண்ணும் நேரத்தில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதைவிட இது செலவும் குறைவு, உடலுக்கும் நல்லது.

தளிர் வறை: பாகல் தளிர் ஒரு பங்கும் முருங்கையிலை மூன்று பங்கும் எடுத்து, தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். பிள்ளைகளும் இதை மறுக்காமல் உண்பார்கள். பழகும் வரை குறைவாகக் கொடுங்கள்.

சீனி வியாதியும் பாகற்காயும்

இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் தன்மை பாகற்காய்க்கு உண்டா? விஞ்ஞானிகள் இதைப் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். காயில் சரன்ரின் முதலான பொருட்களும், இன்சுலினைப் போல வேலை செய்யக்கூடிய ஒரு புரதப் பொருளும் இருப்பதாகக் கண்டுள்ளனர்.

நம் நாட்டிலும் இந்த ஆய்வு நடந்தது. 1986 இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்றில், வளர்ந்த பின் நீரிழிவு வந்த நோயாளருக்குப் பாகற்காய்ச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 73 பேரில் உடல் சீனியைக் கையாளும் திறன் கூடியது. மீதி 27 பேரில் மாற்றம் எதுவும் இல்லை. அந்தத் தாய் 73 பேரில் ஒருவரா, 27 பேரில் ஒருவரா? இரத்தத்தைச் சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

2011 இல் தாய்லாந்து ஆய்வு ஒன்று, உலர்த்திய பாகற்காயை நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் கொடுத்து, மெற்போமின் குளிசையோடு ஒப்பிட்டது. பாகற்காய் சீனியை ஓரளவு குறைத்தது. ஆனால் குளிசை அளவுக்குக் குறைக்கவில்லை. 2012 இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, 479 பேர் பங்குகொண்ட 4 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீரிழிவுக்கு மருந்தாகப் பாகற்காயைச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

ஆகவே நாம் மனதில் இருத்த வேண்டியது இதுதான்: பாகற்காயைக் குளிசையோடு சேர்த்துக் கறியாக உண்ணலாம். குளிசைக்குப் பதிலாக உண்ணக் கூடாது. இன்சுலின் ஊசி போடுபவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

மறுபக்கமும் உண்டு. குளிசையும் போட்டு, வெறுவயிற்றில் கோப்பை கோப்பையாகச் சாறும் குடித்தால், சீனி அளவுக்கு மேல் இறங்கக்கூடும். உணவு நேரத்துக்குக் கிடைக்காத இடம்பெயர்ந்த வாழ்வில் இந்த ஆபத்துக் கூட. திடீர் வியர்வை, கை நடுக்கம், கடும் பசி, நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, பேச்சில் தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது உண்ணக் கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயால் எதையும் கொடுக்க வேண்டாம்; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரைப் பக்கமாகச் சரித்துக் கிடத்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

கிளினிக் கொப்பி தொலைந்தவர்களுக்கு

கொப்பி இல்லையே என்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். இடம்பெயர்ந்து வந்த இடத்துக்கு அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், நிலைமையைச் சொல்லி, இரத்தத்தைச் சோதித்துப் புதிய கொப்பி எடுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பழைய குளிசையின் வெற்று அட்டை ஒன்று இருந்தாலும் கொண்டு போங்கள். வைத்தியருக்கு அது உதவும். கொப்பி கிடைத்ததும், குளிசையின் பெயரையும் அளவையும் ஒரு கடதாசியில் எழுதி, அடையாள அட்டையோடு பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அடுத்த தடவை திடீரென எழும்ப வேண்டி வந்தால் அது கூடவே வரும்.

கால் புண் உள்ளவர் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். புண்ணின் மேல் பாகல் இலையையோ வேறு பச்சிலையையோ அரைத்து வைத்துக் கட்டவும் வேண்டாம்.

யார் விலக்க வேண்டும்?

கர்ப்பிணித் தாய்மார் பாகற்காய்ச் சாறு, இலைக் கசாயம், விதை ஆகியவற்றை விலக்க வேண்டும். கருவுக்கு ஊறு செய்யக்கூடும்.

சிறு பிள்ளைகளுக்குப் பூச்சிக்கு என்று இலைச் சாறோ கசாயமோ பருக்க வேண்டாம். பாகல் இலைத் தேநீர் குடித்த பிள்ளைகளுக்குச் சீனி இறங்கி, வலிப்பும் நினைவிழப்பும் ஏற்பட்டதாக வைத்தியப் பதிவுகள் உண்டு. பூச்சிக்கு உரிய மருந்தைச் சுகாதார நிலையத்தில் பெறலாம்.

பழுத்த காயின் விதையும் அதைச் சுற்றியுள்ள சிவந்த தோலும் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். உண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரலாம். வேலியில் வெடித்துத் தொங்கும் பழத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பறித்துவிடுங்கள்.

பிறப்பிலேயே ஜி-6-பி-டி என்ற நொதியக் குறைபாடு உள்ளவர்களுக்கு, விதையிலுள்ள விசின் என்ற பொருள் செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடும். அவர்கள் இதை முற்றாக விலக்க வேண்டும்.

கொட்டில் ஓரத்தில் நடுவோம்

“சொந்தக் காணியே இல்லாத எங்களுக்கு என்ன தோட்டம்?” என்று நீங்கள் கேட்கலாம். பாகலுக்குக் காணி வேண்டியதில்லை. நான்கு குழியும் ஏறிப் படர ஒரு வேலியும் போதும். காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, காயில் ஒரு பங்கு கொடுப்பதாகச் சொன்னால் மனக்கசப்பு வராது. நிலத்தைத் தோண்ட அனுமதி இல்லையென்றால், வெற்றுப் பசளைப் பையின் அடியில் துளையிட்டு, மண்ணும் எருவும் நிரப்பி அதில் நடலாம்.

குழி: ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். குழிக்குக் குழி மூன்று நான்கு அடி இடைவெளி விடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு கலந்து நிரப்புங்கள். எரு கிடைக்காவிட்டால் பூவரசங் குழை, கிளிசரிடியா இலை, சமையல் கழிவு ஆகியவற்றைக் குழியில் இட்டு மண்ணால் மூடி, மூன்று நான்கு கிழமை மக்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரில் தண்ணீர் நின்றால் கொடி அழுகும். அக்காலத்தில் மண்ணை மேடாக அணைத்து நடுங்கள். அல்லது மழை ஓய்ந்த பின் நடுங்கள்.

விதை: பாகல் விதையின் கோது தடித்தது. ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, குழிக்கு மூன்று விதை வீதம் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு கிழமை அளவில் முளைக்கும். திடமான இரண்டை விட்டு மற்றதை அகற்றுங்கள்.

பந்தல்: கொடி கை நீட்டத் தொடங்கியதும் ஏறுவதற்குத் தடி கொடுங்கள். கிளுவை வேலி, பழைய மீன் வலை, கயிறு எதுவும் உதவும். தடி வெட்டுவதற்காக, பழக்கமில்லாத பற்றைக்குள் போக வேண்டாம். மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்குப் பிள்ளைகளை ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

தண்ணீர்: தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமப்பவர்கள், வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் ஊசியால் இரண்டு துளையிட்டு, செடியின் அருகே பாதி புதைத்து நிரப்பி வையுங்கள். நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரும் நல்லது.

முதலில் பூக்கும் பூக்கள் காய்க்காமல் உதிர்ந்தால் கலங்க வேண்டாம். அவை ஆண் பூக்கள். பின்னர் வரும் பெண் பூவின் அடியில் சிறு பாகற்காய் போன்ற வடிவம் இருக்கும். காலையில் தேனீக்கள் வந்து மகரந்தத்தைச் சேர்க்கும். அந்த நேரத்தில் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது. தேனீ குறைந்த இடத்தில், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள்.

நட்டு இரண்டு மாதமளவில் முதற் காய் பறிக்கலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பறித்து வந்தால் மேலும் இரண்டு மாதமளவுக்குக் கொடி காய்க்கும். காயை முற்றவிட்டால் புதுப் பிஞ்சு குறையும்.

பழ ஈயை விலக்குதல்

பாகலுக்குப் பெரும் எதிரி பழ ஈ. அது பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்னும். காய் கோணி மஞ்சளாகி விழும். இதற்குக் காசு கொடுத்து மருந்து வாங்க வேண்டியதில்லை. பிஞ்சு சின்னி விரல் அளவில் இருக்கும்போதே பழைய பத்திரிகைக் கடதாசியைக் கூம்பாகச் சுற்றி, மேற்பக்கத்தை வாழைநாரால் கட்டிவிடுங்கள். குத்துப்பட்டு விழுந்த காய்களை அப்படியே கிடக்க விட வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கி மீண்டும் ஈயாகி வரும். அவற்றைப் பொறுக்கி இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். அயல் கொட்டில்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

வற்றலும் விதையும்

காய் மிஞ்சும் நாட்களில் வளையமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் கலந்து, சுளகிலோ ஓலைப்பாயிலோ பரப்பி நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். கலகலவென்று உலர்ந்த பின் போத்தலில் இட்டு மூடினால், மரக்கறி கிடைக்காத மழை நாட்களில் உதவும். உப்புச் சேர்ந்த உணவாகையால் அழுத்த நோயாளர் குறைவாக உண்ண வேண்டும்.

திடமான கொடி ஒன்றில் நல்ல காய்கள் இரண்டைப் பழுக்க விடுங்கள். செம்மஞ்சளாக வந்ததும் பறித்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து போத்தலில் வையுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த காயானால், அதன் விதை தாய்க்கொடி போல வராது. நாட்டு விதையையே சேமியுங்கள்.

முடிவாக

1990, 1995, 2009 என்று நம் மக்கள் பல தடவை எழும்பி நடந்தவர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் இன்னமும் தம் காணியைக் காணாத குடும்பங்கள் உண்டு. “நாளைக்குப் போய்விடுவோம், இங்கே ஏன் நடுவான்?” என்ற எண்ணம் நம்மைப் பல வருடம் வெறுங்கையோடு இருக்க வைத்தது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய மடலை, அவருடைய நூலின் 29ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்நிய மண்ணிலும் தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்று அவர் சொன்னார். ஊர் திரும்பும் நாள் வரும் என்ற வாக்குறுதியையும் அதே மடலில்தான் எழுதினார். நடுவதால் ஊரை மறந்தவர்களாக மாட்டோம். திரும்பும் நாளில் நடந்து போகப் பலம் உள்ளவர்களாக இருப்போம். விதைப் போத்தலும் கையில் இருக்கும்.

அந்தத் தாயிடம் மீண்டும் வருவோம். மகள் இன்றே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். குளிசையோடு திரும்பி வந்து, மதியச் சோற்றோடு பாகற்காய்ப் பாற்கறியும் உண்ணட்டும்.

குழுவாகச் சிந்திப்போம்

1. உங்கள் குடியிருப்பில் நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசையை நிறுத்தியவர்கள் உண்டா? அவர்களை யார், எந்த நாளில் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது?

2. உங்கள் ஊரில் பாகலை எந்தெந்த நோய்க்குப் பயன்படுத்தினார்கள்? அவற்றில் எவை தீங்கில்லாதவை? எவற்றைக் கைவிட வேண்டும்?

3. யாரிடம் நாட்டுப் பாகல் விதை உண்டு? குடும்பத்துக்கு ஐந்து விதை வீதம் பகிர முடியுமா?

4. பழ ஈயைக் கட்டுப்படுத்தக் கிழமையில் எந்த நாளில் எல்லாரும் சேர்ந்து விழுந்த காய்களைப் புதைக்கலாம்?